ஒரு பக்கம் மட்டும் எடுக்க முடியாது

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லியில் பெங்களூர் பஸ் ஏறும்போது, "போய்ச் சேந்ததும் பேசறேம்மா" என்றாய். போய்ச் சேர்ந்து "ரீச்டு" என்று ஒரு வார்த்தை அனுப்பினாய். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும், "இன்டர்வியூக்குப் படிச்சிகினு இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் அப்பாவை அனுப்பி வெள்ளைத்தாள் வாங்கிவரச் சொல்லி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் அப்பா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். பேச்சை நீ பாதியில் வெட்டலாம். இதைப் பாதியில் மூடினாலும் மிச்சம் உன் போனிலேயே உட்கார்ந்திருக்கும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது உன்னையும் அனுப்பிவிட்டார்கள். அதை எங்களிடமே நீ போன வெள்ளிக்கிழமைதான் சொன்னாய். அதுவரை தினமும் காலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற மாதிரி கிளம்பிப் போனாய். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாயோ, கேட்க எனக்கு மனசு வரவில்லை. சொல்லி முடித்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டாய். கல்யாணம் முடிகிற வரைக்கும் சௌமியாவுக்கும் அவள் வீட்டுக்கும் தெரியக்கூடாது, அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும், பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாய். அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அந்தத் தலையாட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும், முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

இந்த இரண்டு நாளாக எனக்கு நீ ஏழாவது படித்த வருஷமே ஞாபகத்தில் இருக்கிறது. அண்ணனூரில் அப்போது நாம் இருந்த வாடகை வீட்டில் ஒரே ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். பக்கத்திலிருந்த ரயில்வே ஷெட்டுக்குள் ரயில் நுழையும்போது அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் கிணுகிணுக்கும். அந்த அறையில்தான் ஒரு நாள் சாயங்காலம் எக்ஸ் வந்து சேர்ந்தது. அப்பா ஷெட்டில் வேலை முடித்து வந்து, கை கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே உன் கணக்குப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, நம்பருக்கு நடுவுல எழுத்து கீது?" என்றார். "அது எக்ஸ்ப்பா. அது எவ்ளோன்னு தெரியாது" என்றாய். "தெரியாதத வச்சிகினு எப்டிடா கணக்கு போடுவ?" "தெரியாததாலதாம்ப்பா கணக்கே போடறோம்." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். இவன் நம் பிள்ளைதானா என்று கேட்கிற பார்வை அது. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

நான் கொரட்டூரில் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். எனக்கும் இயற்கணிதம் பிடிக்கும். ஆனால் நான் படித்த சொல் ஒன்றும் உனக்குத் தெரியாது, நீ படிக்கிற சொல் ஒன்றும் எனக்குப் புரியாது. நீ லைக் டெர்ம்ஸ் என்பாய், நான் ஒத்த உறுப்புகள் என்பேன். நீ சிம்ப்ளிஃபை என்பாய், நான் சுருக்குக என்பேன். எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண்ணைக் கெழு என்று நான் சொன்னதும், "கெழுத்தி மீனாம்மா?" என்று கேட்டு உருண்டு உருண்டு சிரித்தாய். அதற்குப் பிறகு வெகுநாள் நம் வீட்டில் அதற்குப் பெயர் மீன்தான். மூன்று எக்ஸ் என்றால் மூன்று மீன் முன்னால் நிற்கிறது.

இரண்டு எக்ஸும் மூன்றும் சேர்ந்தால் ஐந்து எக்ஸ் என்று எழுதி வைத்திருந்தாயே, அது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு எக்ஸைக் கூட்ட வேண்டுமானால் இன்னொரு எக்ஸோடுதான் கூட்டலாம், வெறும் மூன்றை அதன் தலையில் ஏற்ற முடியாது என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இரு, போட்டுக் காட்றேன்" என்று எக்ஸுக்குப் பதில் ஒன்று என்று போட்டாய். இரண்டும் மூன்றும் ஐந்து. அந்தப் பக்கம் ஐந்து எக்ஸ், அதாவது ஐந்து. இரண்டும் ஒன்றாக வந்துவிட்டது. "பாத்தியா, பாத்தியா" என்று அந்த ஒரு அறையையே நாலு தடவை சுற்றி வந்தாய். எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்தால் போதும் என்றுதான் சொன்னாரோ என்னவோ, "பத்து போட்டுப் பாரு நைனா" என்றார். நீ அலட்சியமாகப் போட்டாய். ஒரு பக்கம் இருபத்து மூன்று, மறுபக்கம் ஐம்பது. அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது.

நீ இப்போது செய்வதும் அதேதான், தம்பி. கல்யாண நாள் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்கிறாய். சரியாகத்தான் வரும். மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறதா என்று யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த வாரத்தைப் போட்டுப் பார். திருமழிசையில் அவள் வீட்டு மறுவிருந்துக்குப் போவாய். அவள் சித்தப்பா இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "லீவு எப்ப மாப்ள முடியுது?" என்பார். அதற்கு அடுத்த மாதத்தைப் போட்டுப் பார். காலையில் பையை மாட்டிக்கொண்டு எங்கே போவாய்? அப்போது சாப்பாடு கட்டிக் கொடுப்பது நானாக இருக்க மாட்டேன், அவளாக இருப்பாள்.

திட்டுவதற்காக மட்டும் எழுதுவதாக நினைக்காதே. உன் மூளை எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். அதே வருஷம்தான் அப்பாவிடம் வந்து, "ஒரு நம்பர நெனச்சுக்கோப்பா" என்றாய். அதை இரண்டால் பெருக்கச் சொன்னாய், ஆறைக் கூட்டச் சொன்னாய், பாதியாக்கச் சொன்னாய், முதலில் நினைத்ததைக் கழிக்கச் சொன்னாய். "மூணு" என்றாய். அப்பா வேறு எண்ணை நினைத்தார். மூன்று. இன்னும் பெரியதாக நினைத்தார், கழிக்கத் திணறினார், மறுபடியும் மூன்று. "எப்டிடா? நா நெனச்சது உனுக்கு எப்டி தெரிஞ்சிச்சு?" "தெரியவே வேணாம்ப்பா" என்று சொல்லி எழுதிக் காட்டினாய். இரண்டு எக்ஸும் ஆறும், பாதியாக்கினால் எக்ஸும் மூன்றும், எக்ஸைக் கழித்தால் மிச்சம் மூன்று. அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஷெட் வாசலில் இருக்கும் டீக்கடையில் ஒரு ஆள் விடாமல் எல்லாரிடமும் அதைச் செய்து காட்டினார். யாராவது எப்படி என்று கேட்டால், "எம் புள்ளையாண்ட கேளு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். சுருக்கினால் எக்ஸே காணாமல் போய்விடும் என்று கண்டுபிடித்துச் சிரித்த பிள்ளை, இப்போது ஒரு சின்ன விஷயத்தைச் சுற்றி இத்தனை அடைப்புக்குறி போட்டு வைத்திருக்கிறாயே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த மழைக்காலமும் ஞாபகம் வருகிறது. தண்ணீர் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, அறை முழுக்கக் கணுக்கால் அளவு நின்றது. கட்டில் மேல் அடுப்பு, கட்டில் மேல் அரிசி டப்பா, கட்டில் மேல் நாம் இரண்டு பேரும். பள்ளிக்கூடம் லீவு. அப்பா ஷெட்டில் மாட்டிக்கொண்டார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் கணக்குப் போட்டோம். மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு என்று இருந்தது. நான் படித்த முறை என்ன? சமக்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் குறி மாறும். அதை மனப்பாடமாகவே வைத்திருந்தவள் நான். மூன்றைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன், கழித்தல் ஆக்கினேன், எக்ஸ் சமம் ஒன்பது என்று பெருமையாக எழுதினேன். நீ பென்சிலை என் கையிலிருந்து வாங்கினாய். "ஒம்போது மூணு இருவத்தேழும்மா. பன்னெண்டு எங்க, இருவத்தேழு எங்க?" என்றாய். பிறகு நீ சொன்னதை நான் மறக்கவே இல்லை. "யாரும் எங்கியும் தாண்டிப் போறதில்லம்மா. இந்தப் பக்கம் இன்னா பண்றியோ, அந்தப் பக்கமும் அதையே பண்ணு. இங்க மூணால வகுத்தா அங்கியும் மூணால வகு. அப்பதான் சமமா இருக்கும்." இத்தனை வருஷமாக ஏதோ மந்திரம் என்று நான் நினைத்திருந்தது வெறும் நியாயம்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே தண்ணீரில் உன் செருப்பு ஒன்று மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கக்கூட இறங்காமல் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். உன்னிடம் மட்டுமில்லை, அப்பாவிடமும் சொல்லாமல் செய்த காரியம் இது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எனக்கு வேலை முடிந்ததும் நேராக அம்பத்தூர் ஓ.டி.யில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிரஸ்ஸுக்குப் போனேன். மாதிரி தயாராக இருந்தது. உனக்குத்தான் நம் பக்கத்துப் பழக்கம் தெரியுமே. மணமகன் பெயர், அதற்குக் கீழே படிப்பு, அதற்குக் கீழே வேலை பார்க்கும் இடம். பத்திரிகையை வாங்குகிறவர்கள் முகூர்த்த நேரத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்த வரியைப் பார்ப்பார்கள். உன் பெயருக்குக் கீழே பி.இ., அதற்குக் கீழே அந்தக் கம்பெனியின் பெயர். பக்கத்தில் சௌமியா, பி.எஸ்சி., அதற்குக் கீழே பூந்தமல்லியில் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் பெயர். இதை அப்படியே அடித்தால், ஒவ்வொரு வீட்டிலும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நானே ஒரு பொய்யை வைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால் ஒரு திருட்டு யோசனை பண்ணினேன். உன் கம்பெனி வரியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. பிரஸ்காரரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் கம்ப்யூட்டரில் அந்த வரியை எடுத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "யக்கா, ஒரு சைடு மட்டும் எடுத்தா நல்லாவா கீது? பொண்ணு பேருக்குக் கீய ரெண்டு லைனு, மாப்ள பேருக்குக் கீய ஒரு லைனு. பாக்கறவன் இன்னா ஆச்சுன்னு கேக்க மாட்டானா? எடுக்கறதா இருந்தா ரெண்டு சைடும் எடுத்துடலாம்" என்றார். சரி, எடுத்துவிடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவரே, "ஆனா பொண்ணு ஊட்டாண்ட ஒரு வார்த்த கேட்டுகினு வந்துடுக்கா. அவங்க பொண்ணு வேலைய நாமளா எடுக்க முடியாது. வெள்ளிக்கெயம வரிக்கும் மிஷின்ல ஏத்தாம வெக்கிறேன்" என்றார். நான் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மட்டும் கழித்துவிட்டுச் சமக்குறியை அப்படியே விட்டுவிடலாம் என்று பார்த்திருக்கிறேன். கட்டில் மேல் உட்கார்ந்து எனக்கு நீ சொன்னதை, அந்தப் பிரஸ்காரர் மறுபடியும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நாம் ஒன்றை எடுத்தால் அவர்களும் ஒன்றை எடுக்க வேண்டும். அவர்கள் எடுக்க வேண்டுமானால் ஏன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சுற்றி வேறு வழியே இல்லை, தம்பி. நானும் எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் வீட்டுக்கு வந்ததும் சௌமியா போன் செய்தாள். "அத்தை, அவருக்கு ஆபீஸ்ல ரொம்ப வேலையா? ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள வச்சிடறாரு. எம் மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். "கோவம்லாம் ஒண்ணும் இல்லம்மா, வேலைதான்" என்றேன். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் அது. அவள் சரி அத்தை என்று நம்பிவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் எதை எதையோ தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ ஏறின பஸ் அவள் ஊர் வழியாகத்தான் போயிருக்கும். அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போது உனக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் கல்யாணத்தின்போது அப்பாவுக்கு ஷெட்டில் வேலை நிரந்தரம் ஆகவில்லை, கான்ட்ராக்டில்தான் இருந்தார். அவர் வீட்டார் என் அப்பா அம்மாவிடம் நிரந்தரம் என்று சொல்லிக் கல்யாணம் செய்தார்கள். கல்யாணம் ஆன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்களாம். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஏதோ பேச்சுவாக்கில், "உம் புருஷனுக்கு இன்னும் பர்மனென்ட்டு ஆகலியா?" என்று கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. குடத்தோடு நின்றேன். கான்ட்ராக்ட் என்பதற்காக நான் அழவில்லை. என்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தாலும் இவரைத்தான் கட்டியிருப்பேன். அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையே என்றுதான் அழுதேன். வேலை பிறகு நிரந்தரம் ஆனது. ஆனாலும் சம்பளக் கவரை என் கையில் கொடுக்கும்போதெல்லாம், வேறு ஏதாவது சொல்லாமல் வைத்திருக்கிறாரோ என்று ஒரு கண்ணால் அவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போக ரொம்பக் காலம் ஆயிற்று. நேற்று இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அப்பா கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "எழுது. அன்னிக்கே நா உன்னாண்ட சொல்லியிருக்கணும். அவனயாவது சொல்லச் சொல்லு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது நேற்றுத்தான். ஆகவே போன வெள்ளிக்கிழமை தலையாட்டிய இரண்டு பேரும் இப்போது ஒரே பக்கம் நிற்கிறோம்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாது, அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. இரண்டையும் ஒரே வரியில் போட்டுக்கொண்டு திணறுகிறாய். ஒரு வரியில் தெரியாதது ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? வேலை உன் கையில் மட்டும் இல்லை, அது வருகிறபோது வரும். அவள் என்ன சொல்வாள் என்பதற்கு ஒரு போன் போதும். எங்களை விட்டுச் சொல்லச் சொல்லாதே. அவள் அப்பா அம்மாவிடம் நாங்கள் நேரில் போய்ப் பேசுகிறோம், அது எங்கள் வேலை. அவளிடம் நீதான் சொல்ல வேண்டும், அதுவும் முதலில் அவளிடம்தான். கூடவே, அடுத்த வேலை இதோ வந்துவிடும் என்று பூசி மெழுகாதே. போனது போய்விட்டது என்று மட்டும் சொல், சொல்லாமல் வைத்திருந்தேன் என்றும் சொல், பிறகு அவள் பேசுவதைக் கேள். அவள் அழுதால் போனை வைத்துவிடாதே. அவள் திட்டினாலும் வைத்துவிடாதே.

அவள் சரி என்பாள் என்று உனக்கு நான் சத்தியம் பண்ண முடியாது. எனக்குப் பிடித்த பெண், எனக்கு மருமகளாக வர வேண்டும் என்று ஆசை இருக்கிறது. என் ஆசையை அவள் பதிலாக எழுத முடியாது. அவள் அப்பா நாலு பேரைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லலாம். அப்படி ஆனால் உனக்கு எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிட்டு வலிப்பது ஒரு தடவைதான். வேலை போனதற்காக நீ எங்கள் கண்ணில் ஒரு துளிகூடக் குறையவில்லை, தம்பி. தினமும் பையை மாட்டிக்கொண்டு தனியாக எங்கேயோ போய் உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டபோது மட்டும்தான் என் பிள்ளை எங்களை நம்பவில்லையே என்று இருந்தது. அதையும் நான் மறந்துவிடுவேன்.

பிரஸ்காரர் வெள்ளிக்கிழமை வரை பொறுத்திருப்பார். அதற்குள் அவளிடம் பேசிவிட்டு, அவள் என்ன சொன்னாலும் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிடு. அவள் சரி என்றால், பத்திரிகையில் என்ன இருக்க வேண்டும், என்ன வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேருமாகப் பேசி முடிவு பண்ணிப் பிரஸ்ஸுக்குப் போங்கள். வேண்டாம் என்றுவிட்டால் நீ அங்கே போகாதே. நான் மட்டும் போய் நிறுத்திவிட்டு வருகிறேன்.

அம்மா